சிபேப் மாஸ்க் நடுராத்திரியில் லீக் ஆகிறதா? முதலில் டியூபைப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு 61 வயது. ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) என்று டாக்டர் சொல்லி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினை ஒரு மாதமாகப் போடுகிறார். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோ மெஷின், அழுத்தம் 6 முதல் 14 வரை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க். படுத்த புதிதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு மேல் ‘புஸ்’ என்று சத்தம் கிளம்பி அம்மா எழுந்துவிடுகிறார். புரண்டு படுத்தால் டியூப் இழுக்கிறது, அல்லது கழுத்தைச் சுற்றுகிறது. மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகப் பார்க்கிறது. ஏசி போட்ட நாளில் டியூபுக்குள் தண்ணீர் களகளக்கிறது. விடிந்து பார்த்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பட்டையை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, வேறு மாஸ்க் வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி டியூப் செய்கிற வேலை. பழி மாஸ்க் மேல் விழுகிறது. மீதியில் பெரும்பகுதி இறுக்கியதால் வந்தது.

வீட்டில் குழாய் ஒழுகினால் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்று இறுக்குவோம். அதே கைப்பழக்கம்தான் இங்கே கெடுக்கிறது. மாஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் தடித்த சிலிகான் சுவர், அதன் மேல் பலூன் தோல் மாதிரி ஒரு மெல்லிய ஏடு இருக்கும். மெஷின் ஓடும்போது காற்று இரண்டுக்கும் நடுவே புகுந்து அந்த ஏட்டை உப்பவைத்து, முகத்தின் மேடு பள்ளத்தில் படிய வைக்கிறது. அடைக்கிற வேலையைச் செய்வது காற்றுதான். பட்டை மாஸ்க்கை இடம்பெயராமல் பிடித்துக்கொண்டால் போதும். பட்டையை இறுக்கினால் ஏடு உள்சுவரோடு நசுங்கி மடிப்பு விழும். மடிப்பு வழியாகக் காற்று பீறும். உடனே இன்னொரு இழுப்பு இழுப்போம். அப்படியே போய் மூக்குத்தண்டில் புண்ணாக நிற்கும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்து 1981-ல் ‘லான்செட்’ இதழில் எழுதியபோது மாஸ்க் என்று கடையில் எதுவும் கிடையாது. நோயாளியின் மூக்குக்கு அச்செடுத்துச் செய்த மூடியை ஒவ்வொரு ராத்திரியும் சிலிகான் பசை போட்டு ஒட்டி, காலையில் பிய்த்தெடுத்தார்கள். இறுக்காமல் அடைக்கிற குஷன் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் வீட்டில் போட்டுக்கொள்ள முடிந்தது.

டியூபுக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் முன்னால் டியூப் மாட்டும் முழங்கை மாதிரியான துண்டிலோ அதன் அருகிலோ பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். அவை வழியாக எப்போதும் காற்று வெளியே வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் போகிறது. அழுத்தத்தைப் பொறுத்து நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 50 லிட்டர் வரை அங்கே வெளியேறும். புதிதாகப் போடுபவர்கள் இதை லீக் என்று நினைத்து டேப் ஒட்டுவதும், போர்வையை மூக்குவரை இழுத்து மூடுவதும் உண்டு. இரண்டும் கூடாது. கண் பக்கமோ, கன்னத்திலோ, தாடையிலோ குஷன் ஓரத்தில் கை வைத்தால் காற்று தெரிகிறதா? அதுதான் லீக். அம்மாவின் முகத்தில் அடிப்பது ஓட்டைக் காற்றாக இருந்தால் கோளாறு ஒன்றுமில்லை. இருவரும் படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டாலே போதும்.

இனி டியூப். ஆறடி, அதாவது 1.8 மீட்டர் நீளம். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. ஆனால் அது மாஸ்க்கில் மாட்டியிருக்கும் இடம் முகத்திலிருந்து சில செ.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. அடிபம்பின் கைப்பிடியைச் சும்மா இரண்டு விரலால் அழுத்தினாலும் உள்ளே தண்டு அசைகிறதே, அந்த மாதிரி நெம்புகோல் இது. டியூபை இடப்பக்கம் யாராவது லேசாக இழுத்தால் மாஸ்க்கின் இட ஓரம் கன்னத்தில் பதியும், வல ஓரம் எழும்பும். அப்பா வலப்பக்கம் புரண்டு, மெஷின் இடப்பக்க மேசையில் இருந்தால் நடப்பது இதுதான். நெஞ்சின் மேல் டியூபைப் போட்டுப் படுத்தாலும் இதே கதைதான்: மாஸ்க் கீழ்நோக்கி இழுபட்டு மூக்குத்தண்டு பக்கம் திறந்து காற்று கண்ணில் அடிக்கும். நாம் மேல்பட்டையை இறுக்குவோம்.

ஆகவே டியூபின் எடை முகத்தில் விழாதபடி செய்வது முதல் வேலை. செலவு அதிகமில்லை. தலையணையின் நடுவுக்கு நேர் மேலே, சுவரில் அல்லது கட்டிலின் தலைமாட்டுப் பலகையில், மெத்தையிலிருந்து 45 முதல் 60 செ.மீ. உயரத்தில் ஒரு கொக்கி அடியுங்கள். ஆணி அடிக்க முடியாத வாடகை வீடு என்றால் ஒட்டும் கொக்கி போதும். ஜன்னல் தலைமாட்டில் இருந்தால் கொக்கியே வேண்டாம், ஜன்னல் கம்பி இருக்கிறது. அதில் பாவாடை நாடாவாலோ, வெல்க்ரோ பட்டையாலோ ஒரு வளையம் கட்டுங்கள். ஐந்து, ஆறு செ.மீ. அகலமாக, டியூப் தாராளமாக வழுக்கி ஓடும்படி இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் டியூபின் சுருள் நசுங்கும், நாளடைவில் அந்த இடத்தில் விரிசல் விடும். வளையத்திலிருந்து மாஸ்க் வரை 75 முதல் 90 செ.மீ. விடுங்கள். மிச்சமுள்ள ஒரு மீட்டர் மெஷினுக்குப் போகட்டும். அது எட்டவில்லை என்றால் மெஷினைத் தலைமாட்டுக்கு நகர்த்துங்கள். இரண்டு டியூபை ஒட்டுப்போட்டு நீட்டும் யோசனை வேண்டாம். நீளம் கூடினால் மாஸ்க்கில் வந்து சேரும் அழுத்தம் குறையும்.

மாட்டிய பிறகு விளக்கு எரியும்போதே ஒத்திகை பாருங்கள். அப்பா இடம், வலம் இரண்டு பக்கமும் முழுதாகப் புரளட்டும், ஒருமுறை எழுந்து உட்காரட்டும். ஒவ்வொரு நிலையிலும் மாஸ்க்குக்கு அருகே டியூபை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நீளம் போதவில்லை. கழுத்துப் பக்கம் வளைந்து விழுந்தால் அதிகம் விட்டுவிட்டீர்கள். இந்த ஒத்திகையில் ஒரு சாண் முன்னே பின்னே ஆகும். சரியான அளவு கிடைத்ததும் டியூபில் வளையம் வரவேண்டிய இடத்தில் கலர் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வையுங்கள். கழுவி மாட்டும்போதெல்லாம் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

கொக்கி வைக்கவே வழியில்லை என்றால், முழங்கைத் துண்டைத் திருப்பி டியூபை நெற்றிக்கு மேலாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அந்தத் துண்டு சுற்றிலும் சுழலும்படிதான் செய்திருக்கிறார்கள். பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. தலையணை உறையின் மேல் ஓரத்தில் ஒரு துணி வளையம் தைத்து அதில் டியூபை நுழைத்துவிட்டால் ஓரளவு நிற்கும். பாயில் படுப்பவர்களுக்கும் ஜன்னல் கம்பி உதவும். மெஷினை மட்டும் தரையில் வைக்காதீர்கள், பெருக்கும் தூசியெல்லாம் ஃபில்டரில் ஏறும். மணைப்பலகை உயரமாவது வேண்டும். கொசுவலை கட்டுகிறவர்கள் மெஷினை வலைக்கு வெளியே வைத்து, டியூபைத் தலைமாட்டு ஓரத்தில் வலைக்கு அடியில் நுழைத்து, அந்த இடத்தில் வலையை மெத்தைக்குள் செருகிவிடலாம். டியூபை வலையில் கோத்துத் தொங்கவிட்டால் வலை சரியும், கூடவே மாஸ்க்கும் இழுபடும். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம். ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், புகையை விட்டுவிடும். அது நேரே மூக்குக்குப் போகும்.

டியூப் விறைப்பாக இருப்பதே தொல்லை என்றால் 15 மி.மீ. உள்விட்டமுள்ள மெல்லிய டியூப் கிடைக்கிறது. வழக்கமான டியூப் 19 அல்லது 22 மி.மீ. இருக்கும். மெல்லியது வளைந்து கொடுக்கும், எடையும் குறைவு. ஆனால் குறுகிய வழியில் காற்று போகும்போது அழுத்தம் கொஞ்சம் விழும். மெஷின் அதை ஈடுகட்ட வேண்டுமானால் டியூப் வகையை செட்டிங்கில் மாற்ற வேண்டும். மாஸ்க் வகையும் அப்படித்தான். முழுமுக மாஸ்க் போட்டுக்கொண்டு மெஷினில் மூக்கு மாஸ்க் என்று வைத்திருப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு. மாஸ்க் வகையை நோயாளிக்கான மெனுவிலேயே பார்க்கலாம். டியூப் வகையை மெஷின் கொடுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஏன் சரியாக இரண்டு, மூன்று மணிக்கு? கனவு காணும் தூக்கம் விடியலை நோக்கிப் போகப் போக அதிகமாகும். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் நன்றாகத் தளர்ந்துவிடும். தொண்டை மேலும் சுருங்கும், ஆட்டோ மெஷின் அதைக் கவனித்து அழுத்தத்தை ஏற்றும். தாடையும் தொங்கும். நீங்கள் 6-ல் வைத்துப் பொருத்திய மாஸ்க் 12-ல் சோதனைக்கு நிற்கிறது. அதனால் பொருத்தும்போதே அதிக அழுத்தத்தில் பொருத்த வேண்டும். ஏர்சென்ஸ் 10-ல் ‘மை ஆப்ஷன்ஸ்’ திரைக்குப் போய்க் குமிழைத் திருப்பினால் ‘ரன் மாஸ்க் ஃபிட்’ என்று வரும், அமுக்குங்கள். காற்று வேகமாக வரத் தொடங்கும், பொருத்தம் சரியா இல்லையா என்று திரையிலேயே சொல்லும்.

இதை உட்கார்ந்துகொண்டு செய்யாதீர்கள். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகமே வேறாகிவிடும். பல்செட் போடுகிறவரா அப்பா? ராத்திரி கழற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். பல்செட்டோடு அளவு பார்த்து வாங்கிய மாஸ்க் ராத்திரிக்குப் பொருந்தாது. நான்கு பட்டையையும் முழுக்கத் தளர்த்துங்கள். தன் தலையணையில், வழக்கமாகப் படுக்கும் பக்கமாகப் படுக்கட்டும். மாஸ்க்கை முகத்தில் வைத்து, மேல்பட்டை இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு, தொட்டும் தொடாமலும் இழுங்கள். பிறகு கீழ்ப்பட்டைகள். மாஸ்க் ஃபிட் ஓடும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து அரை விரல்கடை முன்னால் இழுத்துத் திரும்ப வையுங்கள். அப்போதுதான் அந்த ஏடு மடிப்பில்லாமல் உப்பி உட்காரும். பலருக்கு இந்த ஒரு அசைவிலேயே லீக் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், கண் பக்கம் காற்று வந்தால் மேல்பட்டையையும், தாடைப் பக்கம் வந்தால் கீழ்ப்பட்டையையும் கடுகளவு இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுக்கக் கூடாது. கடைசியில் கன்னத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். காலையில் முகத்தில் பட்டைத் தடம் இருப்பது இயல்பு. அரை மணி நேரமாகியும் மறையவில்லை என்றால் இறுக்கம் அதிகம்.

சரியான நிலை கிடைத்தவுடன் வெல்க்ரோ முடியும் இடத்தில் பட்டையில் கலர் நூலால் ஒரு தையல் போட்டுவிடுங்கள். அதன்பிறகு தினமும் வெல்க்ரோவைப் பிரிக்க வேண்டாம், கீழ்க் கிளிப்பைக் கழற்றித் தலைக்கு மேலாக எடுத்துவிடலாம். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பட்டை அளவு மாறுவதால்தான் ‘நேற்று நன்றாக இருந்தது, இன்றைக்கு இல்லை’ என்ற நிலை வருகிறது.

கிளிப்பில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாஸ்க்குகளில் உண்டு. அப்பாவுக்கோ, பக்கத்தில் படுக்கும் அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவியோ, காந்தத்தால் பாதிக்கப்படும் வேறு உலோகமோ உடம்பில் இருந்தால் அந்தக் காந்தம் 15 செ.மீ.க்குள் வரக் கூடாது. காந்தமில்லாத கிளிப்பு உள்ள மாஸ்க்காகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் தாமதம் வேண்டாம்.

மூக்குத்தண்டுப் புண்ணுக்கு வருவோம். பட்டையைத் தளர்த்தி, டியூபைக் கொக்கியில் ஏற்றினால் நான்கைந்து நாளில் சிவப்பு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அளவு தப்பாக இருக்கலாம். வாயை லேசாகத் திறந்த நிலையில் மாஸ்க்கின் கீழ் ஓரம் கீழுதட்டுக்கும் தாடைக் குழிக்கும் நடுவே உட்கார வேண்டும், மேல் ஓரம் மூக்குத்தண்டில். மாஸ்க் சிறியதாக இருந்தால் வாய் திறக்கும்போதெல்லாம் மேல் ஓரம் எலும்பில் உரசும். குஷனை மட்டும் வேறு அளவில் தனியாக வாங்கலாம், முழு மாஸ்க் வேண்டியதில்லை. தோல் பிய்ந்துவிட்டது என்றால் அதன் மேலேயே மாஸ்க்கை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மூக்குத்தண்டைத் தொடாமல் மூக்குக்கு அடியில் மட்டும் உட்காரும் முழுமுக மாஸ்க்குகள் இருக்கின்றன, ரெஸ்மெட் எஃப்30, எஃப்30ஐ மாதிரி. எஃப்30ஐ-யிலும் பிலிப்ஸ் ட்ரீம்வேரிலும் டியூப் முன்பக்கம் இல்லாமல் உச்சந்தலையில் மாட்டும். நிறையப் புரள்பவர்களுக்கு அது நல்ல வசதி. நீங்கள் புது மாஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அந்த வகையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவும் யோசனை எல்லா வீட்டிலும் வரும். மாஸ்க் உட்காரும் இடத்தில் எண்ணெய், வாசலின், தைலம் எதுவும் கூடாது. சிலிகான் வழுக்கும், சில மாதத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளட்டும். பட்டையில் ஏறிய எண்ணெய் வெல்க்ரோவின் பிடியையே எடுத்துவிடும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க் போடுவது, பட்டை இறுக்குவதைவிட லீக்கைக் குறைக்கும். முகப்பவுடர், நெற்றியில் விபூதி, சந்தனம் இருந்தாலும் துடைத்துவிட வேண்டும். மீசை பெரிதாக இருந்தால் மேலுதட்டில் உட்காரும் மூக்கு மாஸ்க் கஷ்டம். முழுமுக மாஸ்க்கில் அடர்த்தியான தாடிதான் சிக்கல். இரண்டு நாள் முள்தாடி கூடப் போதும் காற்று ஒழுக.

இதைப் படிக்கும் பெண்களுக்கு இரண்டு வரி. மூக்குத்தி, அதிலும் எட்டுக்கல் பேசரி மாதிரிப் பெரியது, மூக்கு மாஸ்க்கின் ஓரத்தில் சரியாக இடிக்கும். ராத்திரி கழற்ற மனமில்லை என்றால் மூக்கு முழுவதையும் உள்ளே அடக்கிக்கொள்ளும் பெரிய குஷனோ, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் நேசல் பில்லோவோ போட்டுப் பாருங்கள். கொண்டை போட்டுப் படுத்தால் பின்பட்டை மேலே ஏறிவிடும்; தளர்வாகப் பின்னி, பின்னல் பட்டைக்குக் கீழே வரும்படி விடுவது நல்லது.

டியூபில் தண்ணீர் சேர்வது மெஷின் கோளாறு இல்லை. காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து (ஹியூமிடிஃபையர்) வெதுவெதுப்பாக, ஈரமாக வரும் காற்று, குளிர்ந்த அறையில் இருக்கும் டியூபின் சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. ஐஸ் தண்ணீர்ச் சொம்பின் வெளியே வியர்க்கிறதே, அது இங்கே உள்பக்கம் வியர்க்கிறது. ஏசி 18-லோ 20-லோ ஓடினால் வராமல் இருக்காது. ஊட்டி, கொடைக்கானலில் ஏசி இல்லாமலே வரும். ஏசியை 25, 26-க்கு ஏற்றுங்கள், காற்று நேரே டியூபில் அடிக்காதபடி தகட்டைத் திருப்புங்கள். ஹியூமிடிஃபையர் அளவை (ஏர்சென்ஸ் 10-ல் 1 முதல் 8 வரை) ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி பாருங்கள். கடலோர ஊரில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், 1 அல்லது 2 போதும். சிலருக்கு அதுவும் தேவைப்படாது.

டியூபுக்கு உறை போடுவது மலிவான வழி. கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் தைக்கலாம். பழைய கம்பளியோ தடித்த துவாலையோ 12 செ.மீ. அகலம், 170 செ.மீ. நீளம் வெட்டி, நீளவாக்கில் மடித்து ஒரே தையல். இரு முனையிலும் நாலு விரல் இடம் விட்டு மாட்டுங்கள். ஓட்டைகள் உள்ள முழங்கைத் துண்டை உறை தொடக் கூடாது. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் சேரும் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடும். இங்கே ஒரு முரண்பாடு வரும்: மேலே கொக்கியில் மாட்டினால், கொக்கியிலிருந்து மாஸ்க்குக்கு இறங்கும் பகுதியில் சேரும் தண்ணீர் மூக்குக்குத்தான் வரும். அதனால் உறை போட்டு, ஈரப்பதத்தைக் குறைத்து, களகளப்பு நின்றதை உறுதி செய்துகொண்டு கொக்கியை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் சூடாகும் டியூப் வாங்கலாம். அதற்கு உறை வேண்டாம், போர்வைக்குள்ளும் போகக் கூடாது.

தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது நல்லது. கிடைக்காத ஓரிரு நாளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் கிருமி போகும், உப்பு போகாது, வெள்ளையாகப் படியும். படிந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள். யூகலிப்டஸ் தைலம், வாசனை எண்ணெய் எதையும் தொட்டியில் விடாதீர்கள். தண்ணீரோடு மெஷினைத் தூக்கவும் வேண்டாம், சாய்ந்தால் தண்ணீர் மெஷினுக்குள் போகும்.

பக்கவாட்டில் படுப்பது ஆப்னியாவுக்கு நல்லதுதான், தலையணைதான் மாஸ்க்கைத் தள்ளிவிடுகிறது. இதற்கென்றே பக்கங்களில் வெட்டுவிட்ட தலையணை விற்கிறார்கள். இலவம்பஞ்சுத் தலையணை வீட்டில் இருந்தால் அதை வாங்க வேண்டியதே இல்லை. ஒரு ஓரத்தைத் தட்டித் தட்டிப் பஞ்சை நடுவுக்குத் தள்ளி, அந்த ஓரம் பள்ளமாகும்படி செய்யுங்கள். கன்ன எலும்பு தலையணையில் இருக்கட்டும், மாஸ்க் பள்ளத்தில் தொங்கட்டும். ரப்பர் ஃபோம் தலையணையில் இது முடியாது, அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும்.

மாஸ்க்கைத் தூக்கத்திலேயே கழற்றிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன லீக்தான். வேறு இரண்டும் பாருங்கள். ஒன்று, பாத்ரூம் போய்வருவது. எழுந்து மாஸ்க்கைக் கழற்றினால் தூக்கக் கலக்கத்தில் மறுபடி போடுவதில்லை. மாஸ்க்கை அப்படியே விட்டு, முழங்கைத் துண்டை மட்டும் அமுக்கிக் கழற்றிப் போய்வரப் பழக்குங்கள். வந்ததும் ‘டிக்’ என்று மாட்டினால் முடிந்தது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்ய, பகலில் பத்து முறை பயிற்சி போதும். இரண்டாவது, தொடக்க அழுத்தம். ராம்ப் (அழுத்தத்தைக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி) 4-ல் தொடங்கும்படி வைத்திருந்தால் பல பெரியவர்களுக்குக் காற்று பற்றாதது போல மூச்சு முட்டும், பயத்தில் பிடுங்கிவிடுவார்கள். டாக்டரிடம் கேட்டு 5 அல்லது 6-க்கு ஏற்றலாம். நடுராத்திரியில் எழும்போது அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால் மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டால் ராம்ப் முதலிலிருந்து தொடங்கும். மாஸ்க் என்றாலே படபடப்பு என்றால் மாலையில் டிவி பார்க்கும்போது கால் மணி நேரம் மெஷின் இல்லாமல் மாஸ்க் மட்டும், அடுத்த சில நாள் மெஷினோடு, பிறகு மதியத் தூக்கத்துக்கு, அதன்பிறகு ராத்திரி. அவசரப்படுத்தினால் முழுதாக விட்டுவிடுவார்.

மூக்கு அடைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் ஒத்துவராது. படுக்கும் முன் உப்புநீர் ஸ்பிரே போடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அடைப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

சுத்தம் செய்வதில் நிறைய விற்பனைப் பேச்சு உண்டு. ஓசோன் வாயுவில் கழுவும் பெட்டி, புற ஊதா விளக்குப் பெட்டி எல்லாம் வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 பிப்ரவரியிலேயே அவற்றைப் பற்றி எச்சரித்துவிட்டது. தினமும் காலையில் குஷனை வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத சோப்பால் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். டியூபையும் பட்டையையும் வாரம் ஒருமுறை. டியூபை ஒரு முனையில் மாட்டித் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் கூடாது. குஷன் மஞ்சளாகி, தொட்டால் ஒட்டினால் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். டியூபில் ஓட்டை சந்தேகம் இருந்தால் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் ஊதியபடி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஓட்டை பெரும்பாலும் இரு முனை ரப்பர் சேரும் இடத்தில் இருக்கும். சூடாகும் டியூபுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

மாற்றங்களை ஒரே ராத்திரியில் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாள் கொக்கியும் பட்டைத் தளர்வும் மட்டும், பிறகு தண்ணீர் விஷயம், பிறகு தலையணை. இல்லாவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. காலையில் மெஷின் திரையில் ‘மாஸ்க் சீல்’ என்பதற்கு எதிரே சிரித்த முகம் வருகிறதா, ஏஹெச்ஐ (ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்ற அல்லது குறைந்த தடவைகள்) 5-க்குக் கீழே இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர் லீக். அதற்கு மேல் போனால் முகம் வாடும். மெஷினில் எஸ்டி கார்டு இருந்தால் ‘ஆஸ்கர்’ என்ற இலவச மென்பொருளில் போட்டு லீக் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பார்க்கலாம். அழுத்தம் ஏறும்போதே லீக்கும் ஏறினால் பொருத்தத்தில் குறை. அழுத்தம் சும்மா இருக்க, லீக் மட்டும் திடீரென எகிறினால் புரண்டிருக்கிறார், டியூப் இழுத்திருக்கிறது. லீக் அடங்கியும் ஏஹெச்ஐ 5-க்கு மேலேயே நின்றாலோ, காலையில் வயிறு ஊதி ஏப்பம் விட்டாலோ, காது அடைத்து வலித்தாலோ, நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அழுத்த அளவை வீட்டிலேயே மாற்ற வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முழுமுக மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு இருக்கும். மெஷினிலிருந்து காற்று நின்றவுடன் அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும், மூச்சு முட்டாது. கழுவும்போது அந்த வால்வின் மடிப்பு கிழியாமல், அழுக்கு அடைக்காமல் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் சைன் வேவ் வகையா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சூடாக்கும் தட்டுதான் மின்சாரத்தை அதிகம் தின்னும். கரண்ட் அடிக்கடி போகும் நாட்களில் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி விடியும்வரை வர வாய்ப்பு அதிகம்.